பதினோரு மாத ஆண்டு

அப்பா இறந்த மூன்றாம் மாதம் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். எல்ஐசி ரசீதுகள், சம்பளக் கமிஷன் அரியர் கணக்கு, தங்கையின் தடுப்பூசி அட்டை. அடியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. ரப்பர் உருகித் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் ஒன்பது வாடகை ஒப்பந்தங்கள். எல்லாமே உளுந்தூர்பேட்டை வீடுகள். எல்லாமே பதினோரு மாதம்.

அவற்றைத் தேதிவாரியாகத் தரையில் பரப்பியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பெருமாள் கோயில் பக்கம் நாங்கள் இருந்த வீட்டுக்கு மூன்று தாள்கள். முதலாவது 1995 மே 1இல் தொடங்குகிறது. அடுத்தது 1996 ஏப்ரல் 1. அடுத்தது 1997 மார்ச் 1. ஒவ்வொரு தடவையும் ஒரு மாதம் பின்வாங்குகிறது. ஊர் உலகத்துக்குப் பன்னிரண்டு மாதத்தில் ஒரு வருஷம் முடிந்தால் வாடகைக்காரனுக்குப் பதினொன்றில் முடிந்துவிடுகிறது. அவனுடைய வருஷப் பிறப்பு சித்திரையிலும் வராது, தையிலும் வராது. ஒரு தடவை ஆடியில் விழும், ஒரு தடவை மார்கழியில் விழும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது.

மூன்றாவது தாள் 1998 ஜனவரி 31இல் முடிகிறது. அந்த வருஷம் நான் பத்தாவது.

பொங்கல் கழித்து வீட்டுக்காரர் வந்தார். மல்லாட்டை மண்டி வைத்திருந்தவர். கெட்டவர் இல்லை. அறுவடைக் காலத்தில் எங்களுக்கு ஒரு மரக்கால் மல்லாட்டை கொடுத்தனுப்புவார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: “வாத்தியாரே, அக்ரிமென்ட் இந்த மாசத்தோட முடியுது. பையனுக்கு வைகாசில கல்யாணம் வச்சிருக்கன். வூட்டக் கொஞ்சம் காலி பண்ணிக் குடுத்துடுங்க.” அப்பா “சரிங்க ஐயா” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அவர் போனபின் அம்மா பிடித்துக்கொண்டாள். “பத்தாவது படிக்கிற புள்ளய வச்சிக்கிட்டு எங்க போறது? பரீட்ச முடியற வரைக்கும் ரெண்டு மாசம் கேளுங்களன்.” அப்பா சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “கையெழுத்துப் போட்டிருக்கன்ல.”

ஜனவரி கடைசியில் ஒரு டிராக்டர் டிரெய்லரில் பீரோ, கட்டில், குடங்கள், என் புத்தகங்கள் எல்லாம் ஏறின. ஐயாயிரம் அட்வான்ஸில் வெள்ளையடிக்க என்று நானூறு பிடித்துக்கொண்டு மிச்சத்தை வீட்டுக்காரர் எண்ணிக் கொடுத்தார். நாங்கள் போய்ச் சேர்ந்த வீட்டில் கரண்ட் மீட்டர் அவர்கள் பக்கம், சுவிட்ச் எங்கள் பக்கம். ஒன்பதரைக்கு விளக்கை அணைக்கச் சொல்வார்கள். நான் பரீட்சைக்குப் படித்த கதையை விட்டுவிடுகிறேன். தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. அந்தக் கையெழுத்து உண்மையிலேயே அப்பாவை எதற்குக் கட்டுப்படுத்தியது? அந்த ஜனவரி 31க்குச் சட்டத்தில் என்ன மரியாதை?

*

முதலில் பதினொன்று. இந்த எண் எந்தச் சட்டத்திலும் கிடையாது. சட்டத்தில் இருப்பது ஒரு வருஷம்.

1882இன் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 107ஆம் பிரிவில் சொல்கிறது: வருஷா வருஷம் ஓடும் குத்தகையோ, ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையோ, வருஷ வாடகை பேசிய குத்தகையோ பதிவு செய்த பத்திரத்தால்தான் ஆகும். மற்றதெல்லாம் வாய்ப்பேச்சாக இருக்கலாம், சாவியைக் கையில் கொடுத்தால் போதும். 1908இன் பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவில் அதையே வேறு கோணத்தில் சொல்கிறது. பதிவு செய்யவேண்டியதைப் பதிவு செய்யாவிட்டால் கோர்ட்டில் அந்தத் தாள் அதன் ஷரத்துகளுக்குச் சாட்சியாகாது, 49ஆம் பிரிவு.

அரசாங்கத்தின் கணக்கு எளிமையானது. நிலத்தின் மீதும் கட்டடத்தின் மீதும் நீண்ட நாள் உரிமை யாருக்குப் போகிறதோ அது ஒரு புத்தகத்தில் ஏறவேண்டும், அதற்கு முத்திரைத்தீர்வை வரவேண்டும். சில்லறை வாடகைக்கெல்லாம் சார்பதிவாளர் ஆபீஸில் வரிசை கட்டவேண்டாம் என்று ஒரு வருஷத்துக்குள் இருப்பதை விட்டுவைத்தார்கள். அந்தச் சலுகை வழியாகத்தான் ஒரு தேசமே நுழைந்தது.

சரி, அப்படியானால் பன்னிரண்டு மாதம் போடலாமே? “ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட” என்றுதானே சட்டம் சொல்கிறது, சரியாக ஒரு வருஷம் என்றால் பதிவு வேண்டாமே? வேண்டாம்தான். ஆனால் அதே சட்டத்தில் 110ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இன்ன தேதியிலிருந்து ஒரு வருஷம் என்று எழுதினால், அந்தத் தொடக்க நாளைக் கணக்கில் விட்டுவிட வேண்டும், அடுத்த ஆண்டு அதே தேதி முழுவதும் குத்தகை நீடிக்கும். வருஷத்தின் விளிம்பில் ஒரு நாள் இப்படியும் அப்படியும் ஆடுகிறது. ஏதோ ஒரு காலத்து வக்கீல் குமாஸ்தா, எதற்கு வம்பு என்று ஒரு மாதத்தையே வெட்டிவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு நாள் சந்தேகத்துக்கு முப்பது நாள் அபராதம். நம் ஆட்கள் எப்போதும் அப்படித்தான், பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நிற்பார்கள்.

இன்னொரு வேடிக்கை. பதிவிலிருந்து தப்பியதாலேயே முத்திரைத்தீர்வையிலிருந்தும் தப்பிவிட்டதாக எல்லோரும் நம்பினார்கள். அப்பாவின் ஒப்பந்தங்கள் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்த் தாள்களில் இருக்கின்றன. பிறகு வெகுகாலம் இருபது ரூபாய்ப் பத்திரம், இப்போது இருநூறு. ஆனால் குத்தகைக்கென்று முத்திரைச் சட்டத்தில் தனி வரிசை உண்டு. தமிழ்நாட்டில் முப்பது வருஷத்துக்குக் குறைந்த குத்தகைக்கு மொத்த வாடகையும் அட்வான்ஸும் சேர்த்து அதில் ஒரு சதவீதம். பத்து ரூபாய்த் தாள் என்பது சட்டம் கொடுத்த விலை இல்லை, வழக்கம் கொடுத்த விலை.

ஆக, பதினோரு மாதம் என்பது வீட்டில் யார் எவ்வளவு நாள் இருப்பது என்பதைத் தீர்மானிக்கப் பிறந்த எண் அல்ல. சார்பதிவாளர் ஆபீஸ் வாசலைத் தாண்டாமல் இருப்பதற்காகப் பிறந்தது. பிறகுதான் அதற்கு வேறொரு வேலை வந்து சேர்ந்தது. அதற்குக் காரணம் ஒரு யுத்தம்.

*

உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய விமான ஓடுதளம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் வெள்ளைக்காரன் போட்டது. நாங்கள் அங்கே சைக்கிள் பழகினோம். யுத்தம் எங்கள் ஊரில் விட்டுப்போன அடையாளம் அதுதான் என்று நினைத்திருந்தேன். இன்னொன்றும் இருக்கிறது, அது டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது.

யுத்தம் வந்தால் நகரங்களில் வீட்டு வாடகை ஏறும். முதல் உலகப்போரில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், ஆண்கள் போர்முனையிலும் ஆயுதப் பட்டறைகளிலும் இருக்க, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் போன்ற பெண்கள் திரண்டு, வாடகை கொடுக்க மாட்டோம் என்று நின்றார்கள். 1915இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகையை உறைய வைத்துச் சட்டம் போட்டது. 1918இல் பம்பாயில் அதே மாதிரி ஒன்று வந்தது. சென்னைக்கு வந்தது அடுத்த யுத்தத்தில், 1941இல், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஓர் ஆணையாக. நகரத்தில் ஆட்கள் குவிந்துகொண்டிருந்தார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து கூட்டம் கூட்டமாக வெளியூர்களுக்கு ஓடவும் செய்தார்கள். ஓடியவர்கள் திரும்பி வந்தபோது நகரம் முன்னைவிட நெருக்கமாக இருந்தது.

யுத்தம் முடிந்தது. ஆணை முடியவில்லை. 1946இல் சென்னைக் கட்டடங்கள் (குத்தகை, வாடகைக் கட்டுப்பாடு) சட்டம் என்று ஆனது, 1949இல் திரும்ப எழுதப்பட்டது, 1960இல் இன்னொரு தடவை. 1960ஆம் ஆண்டின் 18ஆம் சட்டம்தான் 2019 வரை தமிழ்நாட்டில் ஓடியது. ஐம்பத்தெட்டு வருஷம்.

அதில் யுத்தத்தின் வாசனை கடைசி வரை போகவில்லை. நியாய வாடகை எவ்வளவு என்று கேட்டால், 1940 ஏப்ரல் 1க்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் அந்தப் பகுதியில் என்ன வாடகை ஓடியது என்று பார்த்து அதன்மேல் இத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டார்கள். 1973இல் திருத்தம் வந்து நிலத்தின் மதிப்பு, கட்டடச் செலவு என்று கணக்கை மாற்றும் வரைக்கும் அந்த 1940 பிடியை விடவில்லை. மூன்றாவது பிரிவு இன்னும் விசேஷம். வீடு காலியானால் ஏழு நாளைக்குள் வீட்டுக்காரர் அரசு அதிகாரிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அரசு தன் ஊழியருக்கு வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளும். வந்து குடியேறுபவர் யார் என்று வீட்டுக்காரர் தீர்மானிக்க முடியாது.

இந்தப் பிரிவைப் படித்தபோது கொஞ்சநேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் வாடகை வீடு தேடினால் முதல் கேள்வி வாடகை பற்றி இருக்காது. “நீங்க இன்னா ஆளுங்க?” என்பதுதான். கொஞ்சம் நாசூக்கானவர்கள் “சொந்த ஊரு எது, எந்தத் தெரு?” என்பார்கள், “கவிச்சி சமைப்பீங்களா?” என்பார்கள். அப்பா இந்தக் கேள்விகளுக்கு ஒரே சீரான குரலில் பதில் சொல்வார். சில வீடுகளில் பதிலைக் கேட்டபின் “பெரியவரக் கேட்டுட்டுச் சொல்றன்” என்பார்கள். பெரியவர் எப்போதும் ஊரில் இருக்க மாட்டார். அந்த ஒன்பது தாள்களிலும் சாதி என்ற சொல்லே இல்லை. எழுதாமலே நடந்த ஷரத்து அது. 1946, 1960, 2017 என்று எத்தனையோ சட்டம் வந்திருக்கிறது. வாடகை எவ்வளவு, எப்போது வெளியே அனுப்பலாம் என்றெல்லாம் பேசியவை, யாரை உள்ளே விடமாட்டேன் என்று சொல்வதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அரசாங்கமே ஆளை அனுப்பிய அந்த மூன்றாவது பிரிவில் மட்டும், அதுவும் வேறு காரணத்துக்காக, அந்தக் கேள்விக்கு இடமில்லாமல் போயிருக்கிறது.

*

இப்போது ஜனவரி 31க்கு வருகிறேன்.

1960 சட்டத்தின் உயிர் பத்தாவது பிரிவில் இருந்தது. வாடகைக்காரரை வெளியேற்ற வேண்டுமானால் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்துக்குப் போய், சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்ட வேண்டும். வேண்டுமென்றே வாடகை பாக்கி வைத்தார், அனுமதியில்லாமல் உள்வாடகை விட்டார், வீட்டைச் சேதப்படுத்தினார், எனக்கே வீடு வேண்டும், இப்படி. ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது என்பது அந்தக் காரணங்களில் இல்லை.

இதை உச்ச நீதிமன்றம் 1979இல் போட்டு உடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு அது, தனபால் செட்டியார் எதிர் யசோதை அம்மாள். ஏழு நீதிபதிகள். காலி செய்யச் சொல்லி வழக்குப் போடுமுன் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்துக் குத்தகையை முடிக்க வேண்டுமா என்பது கேள்வி. தேவையில்லை என்றார்கள். ஏனென்றால் ஒப்பந்தத்தை முடிப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. முடித்தபிறகும் வாடகைக்காரர் சட்டத்தின் பாதுகாப்பில் அங்கேயேதான் இருக்கிறார். அவரை எழுப்புவது வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் சொல்லும் காரணம் மட்டும்தான்.

அதாவது அந்தச் சட்டம் செல்லுபடியான ஊர்களில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் எழுதிய தேதி வெறும் மை. தேதி வரும், போகும், குடியிருப்பவர் இருப்பார். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை புதுத்தாள் எழுதினால் வாடகைக்காரருக்கு உரிமை எதுவும் முளைக்காது என்று வீட்டுக்காரர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை கிடையாது. ஆனால் நம்பியவர்கள் வீட்டுக்காரர்கள் மட்டுமல்ல, குடியிருந்தவர்களும்தான். அதனால்தான் அது வேலை செய்தது.

1960 சட்டம் சென்னைக்கும் நகராட்சிகளுக்கும் தானாகவே பொருந்தும். மற்ற ஊர்களுக்கு அரசு தனியாக அறிவிக்கை போட வேண்டும். விழுப்புரம் நகராட்சி. எங்கள் ஊர் அன்றைக்குப் பேரூராட்சி. நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. அப்பா விழுப்புரத்தில் அதே தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால், மண்டிக்காரர் தன் மகனுக்காக வீடு தேவை என்று வழக்குப் போட்டு, மேல்முறையீடு, சீராய்வு என்று படியேறி இறங்க வேண்டியிருந்திருக்கும். நான் பத்தாவது என்ன, பட்டப்படிப்பையே அந்த வீட்டில் முடித்திருக்கலாம். அந்தச் சட்டம் இல்லாத ஊர் என்றாலும்கூட, காலம் முடிந்த குத்தகைக்காரரைக் கோர்ட் வழியாகத்தான் வெளியேற்ற முடியும். பூட்டைப் போட்டால் 1963இன் தனிநிவாரணச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுத் திரும்ப உள்ளே வரலாம். அப்பா இதில் எதையும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்று இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. தாலுகா ஆபீஸ் எதிரே டைப்ரைட்டர் வைத்திருந்தவர் சென்னையின் படிவத்தைத் தட்டிக் கொடுத்தார், அப்பா அதற்குப் பணிந்தார்.

வீட்டுக்காரர்களின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சட்டத்தில் அவர்களும் நிறையப் பட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட்டு அதில் சாப்பிடும் விதவைக்கும் பத்துத் தெரு வைத்திருப்பவருக்கும் ஒரே பத்தாவது பிரிவுதான். வழக்கு மூன்று தட்டு ஏறும். அதற்குள் முதல் தட்டில் வழக்குப் போட்டவரே இருக்க மாட்டார். அட்வான்ஸ் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்று 1960 சட்டம் சொன்னது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது எழுதாத விதியாகவே ஆனதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். சட்டம் கையைக் கட்டினால் மனுஷன் பல்லால் அவிழ்ப்பான். மாதம் நானூறு ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள குடியிருப்புகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஒரு விலக்கு வைத்திருந்தார்கள். 1986இல் ரத்தன் ஆர்யா வழக்கில் அது சமத்துவத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. அதற்குப்பின் பெரிய பங்களாக்காரரும் ஒண்டுக்குடித்தனக்காரரும் ஒரே குடையின் கீழ் வந்தார்கள்.

*

பாட்டி வாடகை என்று சொல்ல மாட்டாள். குடக்கூலி என்பாள். “குடக்கூலி வூட்ல ஆணி அடிக்கக் கூடாதுடா.” அவள் மரியாதை வைத்திருந்தது ஒத்திக்குத்தான்.

ஒத்தி, போக்கியம், இப்போது எல்லோர் வாயிலும் லீஸ். மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு மூன்று வருஷம் இருப்பது. வாடகை இல்லை, வட்டி இல்லை. முடிவில் தொகை அப்படியே திரும்ப வரும். ஒற்றி என்று எழுத்தில் பழைய சொல். காலக்கெடு உள்ள குடியிருப்பு என்பது நமக்கு வெள்ளைக்காரன் சொல்லித் தந்தது அல்ல. ஆனால் அதில் தேதியின் குணம் வேறு. “பணத்த வை, சாவியத் தரன்” என்று ஒத்திக்காரர் சொல்லலாம். தேதி வந்தால் பதற வேண்டியவர் வீட்டுக்காரர். கொரியாவில் ஜொன்ஸே என்று இதே ஏற்பாடு இருக்கிறது, அங்கே பெரும்பாலும் இரண்டு வருஷம். வீட்டு விலை விழுந்தபோது பலரால் தொகையைத் திருப்ப முடியாமல், மோசடிகளும் வெளியே வந்து, பாதிக்கப்பட்டவர்களுக்காக 2023இல் தனிச்சட்டமே போட்டார்கள்.

நம் ஊரில் ஆபத்து வேறு மாதிரி. ஒத்தி என்பது சட்டத்தின் கண்ணில் அடமானம். நூறு ரூபாய்க்கு மேல் என்றாலே பதிவு செய்ய வேண்டும். ஆனால் ஐந்து லட்சம், எட்டு லட்சத்தை அதே பதினோரு மாதத் தாளில், “அட்வான்ஸ்” என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வீடு ஏற்கனவே பேங்க் கடனில் இருந்தால்? 2019இல் பஜ்ரங் ஷியாம்சுந்தர் அகர்வால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: பதிவு செய்யாத குத்தகையை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்துக்கு மேல் பேங்கை எதிர்த்து நிற்க முடியாது. ஜப்தி நோட்டீஸ் கதவில் ஒட்டப்படும்போதுதான் பலருக்கு அந்த ஒரு வருஷக் கோடு எங்கே கிழிக்கப்பட்டிருந்தது என்று தெரிகிறது. ஒத்திக்குப் போகிறவர்கள் வேறெதைச் செய்யாவிட்டாலும் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

*

2019 பிப்ரவரி 22. இந்தத் தேதி பெரிய சத்தம் இல்லாமல் வந்தது. அன்றுதான் 1960 சட்டம் போய், நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நியாய வாடகை போயிற்று. வாடகை என்பது இருவரும் பேசிக்கொள்வது. ஒப்பந்தம் கட்டாயம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலையில் இருக்கும் வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். பதினோரு மாதமா, பதினோரு வருஷமா என்ற வித்தியாசம் இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய உபாயம் அன்றைக்கே செத்துவிட்டது. செய்தி ஊருக்குள் போகவில்லை, அவ்வளவுதான். டைப் அடிக்கும் கடைகளில் இன்றும் பதினொன்று.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. புதிய சட்டத்தில் குடியிருப்பு என்பது பேசிய காலத்துக்கு மட்டும். காலம் முடிவதற்குள் வாடகைக்காரர் நீட்டிக்கக் கேட்கலாம். வீட்டுக்காரர் சம்மதித்தால் புது ஒப்பந்தம். சம்மதிக்காவிட்டால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதே காலி செய்யச் சொல்ல ஒரு காரணமாக 21ஆம் பிரிவில் முதலாவதாக இருக்கிறது. எழுபது வருஷம் வெறும் மையாக இருந்த தேதிக்கு உயிர் வந்துவிட்டது. 1998இல் அப்பா எந்தத் தேதிக்கு அனாவசியமாகப் பயந்தாரோ, அந்தத் தேதிக்கு இப்போது பயப்பட வேண்டும். நாமோ இப்போதுதான் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறோம், போன் திரையில் விரலால்.

குடியிருப்பவருக்கு அதில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி ஆளை விரட்டக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. வீட்டுக்காரர் நினைத்தபோது கதவைத் தட்டி உள்ளே வரமுடியாது, முன்கூட்டிச் சொல்ல வேண்டும். வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்று அட்டவணையிலேயே போட்டிருக்கிறார்கள். அப்பாவின் நானூறு ரூபாயை நினைத்துக்கொண்டேன். ஆனால் இந்த உரிமைகள் அத்தனையும் வீட்டுக்குள் இருக்கும் வரைக்கும்தான். ஒன்றிய அரசு 2021இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், காலம் முடிந்தும் போகாதவர் முதல் இரண்டு மாதம் இரட்டை வாடகை, பிறகு நான்கு மடங்கு தர வேண்டும் என்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள இது போதும்.

*

எங்கள் ஊர் 2021இல் நகராட்சி ஆனது. சென்னை, திருச்சி, சேலம் என்று மூன்று பக்கமும் பிரியும் ஊர் என்பதால் வந்து போகிறவர்கள் எப்போதும் உண்டு. தமிழ்நாடு சிறப்புக் காவல்படையின் பத்தாவது அணி இங்கே இருக்கிறது. ஆசிரியர்கள், நர்சுகள், பேங்க்காரர்கள், டோல்கேட்டில் வேலை பார்ப்பவர்கள். சிப்காட்டில் தைவான் நாட்டுக் காலணி நிறுவனம் ஒன்று 2023இல் அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது, 2,302 கோடி முதலீடு, 20,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. காலணி ஆலைகளில் வேலைக்கு எடுப்பது பெரும்பாலும் பெண்களைத்தான். தனியாகத் தங்கும் பெண்களுக்கு வீடு என்று கேட்டால் எங்கள் தெருவில் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும்.

தெரியும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இப்போது எங்களிடமும் வாடகைக்கு விட ஒரு வீடு இருக்கிறது. அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் கட்டிய வீட்டுக்கு மேல்மாடி. போன மே மாதம் ஒரு நர்ஸ் கேட்டு வந்தார். கணவர் வெளிநாட்டில், பத்தாவது போகப்போகிற ஒரு பெண். அம்மா எனக்குப் போன் செய்தாள்.

“நல்ல பொண்ணாத்தான் தெரியுது. இன்னா ஆளுங்கன்னுதான் தெரியல.”

“நீ கேட்டியா?”

அம்மா பதில் சொல்லவில்லை. பிறகு, “கேக்கல. உன்னைக் கேக்கச் சொல்லலாம்னு இருந்தன்” என்றாள். பல வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன வீட்டின் அம்மா. நானும் உடனே கோபப்பட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு நொடி, ஒரே நொடி, எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. “கேக்க வேணாம்” என்றேன்.

அடுத்தது அவளுடைய உண்மையான பயம். “உள்ள வந்துட்டு வெளிய போவமாட்டேன்னா நான் ஒண்டியா இன்னா பண்றது? அக்ரிமென்ட்ட கெட்டியாப் போடு.”

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். தாலுகா ஆபீஸ் எதிரே டைப்ரைட்டர் இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் கடை. கம்ப்யூட்டரில் படிவம் தயாராக இருந்தது, பெயர் மட்டும் மாற்றினால் போதும். நர்ஸும் வந்திருந்தார். பையன் ஜூன் 1 என்று அடித்துவிட்டு, முடியும் தேதியாக ஏப்ரல் 30 என்று தானாகவே அடித்தான்.

“மே 31 போடுப்பா,” என்றேன்.

“பன்னெண்டு மாசம் ஆயிடும் சார். பதினொன்னுதான் வழக்கம்.”

“முதல் தேதியையும் சேர்த்துன்னு எழுது. ஒரு வருஷத்தத் தாண்டாது.”

அவன் நம்பவில்லை. பக்கத்துக் கடையில் பத்திரம் எழுதும் பெரியவரிடம் எழுந்து போய்க் கேட்டுவிட்டு வந்தான். பெரியவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நர்ஸ் மெதுவாகக் கேட்டார், “சார், புதுப்பிக்கணும்னா எப்ப சொல்லணும்? பாப்பாவுக்கு அடுத்தாப்ல பதினொன்னு, பன்னெண்டும் இங்கயேதான் படிக்க வைக்கணும்.”

இரண்டு மாதம் முன்னால் எழுத்தில் சொன்னால் போதும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பள்ளி ஆண்டு நடுவில் காலி செய்யச் சொல்லக்கூடாது என்று இன்னொரு வரி. பையன் அதை அடித்துவிட்டு, “இந்த மாதிரி யாரும் போடறதில்ல சார்” என்றபடி பிரிண்ட் கொடுத்தான். நானும் அம்மாவும் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் கையெழுத்துப் போட்டோம். அம்மா போடுவதற்கு முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தாள்.